அகலத்துக்காகச் சண்டை போட்டவர்

ஞானப்பிரகாசம் அண்ணன் இறந்த செய்தி வந்தபோது நான் சிங்கப்பூர் தேக்கா சந்தையில் மீனை வெட்டக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். அவருடைய மனைவி ரெஜினா அக்கா தொலைபேசியில் அழைத்தார். குரலில் அழுகை இல்லை. "கலா, அவர் போய்ட்டார்," என்றார். எப்படி என்று கேட்டேன். "சண்டை போட்டுக்கிட்டேதான்," என்றார். பாசிர் ரிஸ்ஸில் அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே, நடைபாதையில் மின்சைக்கிளைப் பறக்கவிட்டு வந்த ஓர் உணவு விநியோக ஊழியரை நிறுத்தி, சட்டையைப் பிடித்துத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறார். திட்டு பாதியில் இருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். திட்டு வாங்கிய அந்த ஆள்தான் சைக்கிளைப் போட்டுவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை மூச்சிரைக்க அவர் மார்பை அமுக்கிக்கொண்டிருந்தாராம். பலனில்லை. நான் மீனை வாங்காமலே கிளம்பிவிட்டேன்.

இந்த அஞ்சலியைப் படிக்கிறவர்களில் பாதிப் பேரையாவது அவர் ஒரு தடவை திட்டியிருப்பார். மீதிப் பேர் அவர் இன்னொருவரைத் திட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். இறந்தவர் கோபக்காரராக இருந்தால் 'கண்டிப்பானவர்' என்று எழுதுவது நம் வழக்கம். கை நீட்டுகிறவராக இருந்தால் 'உணர்ச்சிவசப்படுபவர்' என்போம். நான் அந்த வேலையைச் செய்யப் போவதில்லை. ஞானம் அண்ணன் கோபக்காரர், கை நீட்டுகிறவர். அந்தக் கோபத்தை எடுத்துவிட்டால் அவரைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் மிஞ்சாது.

அவரைத் தேவாலயத்தில் மட்டும் பார்த்தவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் சாலைப் போக்குவரத்துத் திட்டமிடுபவர். எந்தச் சாலையில் பேருந்து எந்தப் பக்கம் ஓட வேண்டும், கார்கள் எங்கே ஒதுங்க வேண்டும் என்று வரைந்து கொடுக்கும் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். அவர் வரைவார், அதற்கு எவ்வளவு செலவாகும் என்று நான் கணக்குப் போடுவேன். நான் சேர்ந்த முதல் வாரத்தில், ஒரு கார் நிறுத்துமிடத்தின் வாசலுக்காகப் பேருந்து நிறுத்தத்தைத் தள்ளிவைத்த வரைபடம் ஒன்று அவர் மேசைக்கு வந்தது. பார்த்தார். இரண்டாகக் கிழித்தார். "கெழவிங்க நடந்து சாவட்டும்னு வரைஞ்சிருக்கான்," என்று கத்திக்கொண்டே குப்பைத் தொட்டியை ஓர் உதை விட்டார். அது நடைவழி முழுவதும் உருண்டு போய்த் தலைவரின் அறைக் கதவில் மோதி நின்றது. நான் ராஜினாமாக் கடிதத்தை மனத்துக்குள் எழுத ஆரம்பித்துவிட்டேன். அவர் போய்த் தொட்டியை எடுத்து வந்தார், சிதறிய காகிதங்களைப் பொறுக்கிப் போட்டார், "தொட்டி என்ன பாவம் பண்ணிச்சு," என்று அதனிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்து வேலையைத் தொடர்ந்தார்.

சிராங்கூன் சாலையில் பேருந்துகளுக்கென்று தனித் தடம் வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு எப்போது வந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஏனென்றால் அன்று நானும் அதே பேருந்தில் இருந்தேன். காலை நேரம். லிட்டில் இந்தியாவைத் தாண்டாமல் பேருந்து நின்றுபோய்விட்டது. முன்னால் ஒரு வேன் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தது, வலப்பக்கம் கார்கள் வழி விடவில்லை. ஓட்டுநர் வாசுகி என்ற பெண், மலேசியாவின் ஜொகூரிலிருந்து தினமும் வந்துபோகிறவர். டை கட்டிய ஓர் ஆள் முன்னால் போய்க் கதவைத் திறக்கச் சொல்லிக் கத்தினார். நிறுத்தம் இல்லாத இடத்தில் திறக்க முடியாது என்று வாசுகி சொன்னார். அவ்வளவுதான். அந்த ஆள் தடுப்புக்கு மேலே கையை விட்டு அவரை அறைந்தார். தோடு கழன்று காது கிழிந்து ரத்தம் சட்டைக் காலரில் வழிந்தது. நான் எழுந்திருப்பதற்குள் ஞானம் அண்ணன் போய்விட்டார். அந்த ஆளின் கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கி, முகத்தைக் கட்டண இயந்திரத்தின்மீது அழுத்தி, போலீஸ் வரும்வரை அப்படியே வைத்திருந்தார். அதற்குள் அந்த ஆள் அழ ஆரம்பித்துவிட்டார். இன்னொரு நாள் தாமதமாகப் போனால் வேலை போய்விடும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வாசுகி காதில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு அந்த ஆளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் முடிந்து நானும் அண்ணனும் நிறுத்தத்தில் உட்கார்ந்தோம். "ரோட்டுல சண்டை வர்றது மனுஷனோட குணத்தால இல்ல கலா," என்றார். "அகலத்தால. அந்த பஸ்ஸுக்கு ஒரு வண்டி போற அளவு அகலம் குடுத்திருந்தா, இந்த ஆளு நல்ல மனுஷனா வேலைக்குப் போயிருப்பான். வீட்டுல புள்ளைங்களுக்குச் சாக்லேட்கூட வாங்கிட்டுப் போயிருப்பான்."

"அப்ப நீங்க ஏண்ணே அவன் கையை அந்த முறுக்கு முறுக்குனீங்க?" என்று கேட்டேன்.

"எனக்கும் அகலம் பத்தல," என்றார்.

அன்றிலிருந்து அந்தத் தடம் அவருக்கு வேலையாக இல்லை, வெறியாக இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் அதைப் பற்றிப் பேசுவார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெள்ளைச் சட்டையோடு நேராக வந்து சாலையோரத்தில் நிற்பார். எந்தக் கடைக்கு எந்த லாரி எப்போது வருகிறது என்று பார்ப்பார். பேருந்து மெதுவாகப் போவதால் வருகிற எரிச்சல் எங்கெங்கே போய் இறங்குகிறது என்பதில் அவருக்கு ஒரு கொள்கையே இருந்தது. வீட்டில் மனைவியிடம் விழுகிற அடியில் ஒரு பங்கு சாலையிலிருந்து வருகிறது என்பார். கேட்டால் சிரிப்பு வரும். வாசுகியின் காதைப் பார்த்த எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைக்காரர்களிடம் திட்டத்தை விளக்க ஒரு கூட்டம் போட்டோம். உங்களில் சிலர் அதில் இருந்தீர்கள், நாற்காலியும் எறிந்தீர்கள். வாழையிலையும் காய்கறியும் விற்கும் பாக்கியம் அக்காதான் ஆரம்பித்து வைத்தார். "ஏன் ஞானம், ஒங்களுக்கு வேற ரோடே கெடைக்கலியா? காலைல லாரி நிக்கக் கூடாதுன்னா நான் எலைய என்ன தலையில சொமந்தா வர்றது? பஸ்ஸு வேணும்னா வானத்துல விடுங்க லா!" கூட்டம் சிரித்தது. அத்தோடு முடிந்திருக்கும். பின்வரிசையிலிருந்து ஒருவர், "நம்ம ஆளே நமக்கு ஆப்பு வைக்கிறான், இதுக்கு அந்த ஆபீசுல என்ன சம்பளம் குடுக்குறானுங்களோ," என்றார். அண்ணன் மேடையிலிருந்து இறங்கி நேராக அவரிடம் போனார். "நான் யாரோட ஆளும் இல்ல!" என்ற சத்தம்தான் எனக்குக் கேட்டது. பிறகு நாற்காலி பறந்தது, திரை கிழிந்தது, இரண்டு பேர் அண்ணனின் கழுத்தைப் பிடிக்க அவர் மூன்றாவது ஆளின் காலை வாரிவிட்டார். கடைசியில் பாக்கியம் அக்காதான் தண்ணீர் ஜாடியை எடுத்து எல்லார் தலையிலும் ஊற்றிச் சண்டையை நிறுத்தினார்.

அன்று அண்ணனுக்குச் சட்டைதான் கிழிந்தது. ஆனால் அந்த 'நம்ம ஆள்' என்ற சொல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. எங்கள் அலுவலகத்தில் தமிழர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். மறுநாள் எங்கள் தலைவர், கெட்ட எண்ணம் ஏதுமில்லாமல்தான், "ஞானம், உங்கள் மக்களை நீங்கள்தான் சமாளிக்க வேண்டும்," என்று சொல்லிச் சிரித்தார். கடைக்காரர்களுக்கு அவர் அரசாங்கத்தின் ஆள், அலுவலகத்துக்கு அவர் கடைக்காரர்களின் ஆள். அதற்குப் பிறகு அந்தச் சாலைக்காக எதைக் கேட்டாலும், 'தன் ஆட்களுக்காகக் கேட்கிறான்' என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு வந்துவிட்டது. எதற்கும் பயப்படாத மனிதருக்கு இந்த ஒரு பயம் மட்டும் எப்படி வந்தது என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். இந்த ஊரில் நம்மில் பலருக்கு இருக்கிற பயம்தான் அது.

அந்தப் பயம் என்ன செய்தது என்பதைப் பணம் ஒதுக்கும் கூட்டத்தில் கண்ணால் பார்த்தேன். திட்டத்தில் இரண்டு பகுதிகள். ஒன்று தடம்: சாலையில் கோடு, பலகைகள், கேமராக்கள். இன்னொன்று, கடைகளின் பின்சந்துகளைச் சீராக்கி லாரிகள் நின்று சரக்கு இறக்க இடம் செய்வது. கோடு போடுவது மலிவு. பின்சந்தில் சாக்கடையை நகர்த்தித் தரை போடுவதுதான் செலவு. பணம் தருகிறவர்கள், முதலில் தடத்தை மட்டும் சோதனையாகத் தொடங்கலாம், சரக்கு இறக்கும் இடங்களை இரண்டாம் கட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள். மேசை உடையப் போகிறது என்று நான் என் பேனாவை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தேன். அண்ணன் தலையை ஆட்டினார். "சரி," என்றார்.

படியில் இறங்கும்போது கேட்டேன். "எறக்குற சரக்கை எங்கண்ணே எறக்குவாங்க?"

"பஸ் லேன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வந்து எறக்கிட்டுப் போவட்டும். லோடிங் பே வேணும்னு நான் குதிச்சா, இவன் அவங்க ஆளுன்னு நெனப்பாங்க. மொதல்ல கோடு விழட்டும் கலா. மத்தது பின்னாடி வரும்."

அடுத்தது தேதி. பள்ளி விடுமுறை முடிந்து சாலை வழக்கமான நிலைக்குத் திரும்பிய பிறகு சோதனையைத் தொடங்க வேண்டும் என்று ஜனவரியின் இரண்டாவது வாரத்தைத் தேர்ந்தெடுத்தார். அலுவலக நாட்காட்டியில் அந்த வாரம் சுத்தமாக இருந்தது. பொங்கல் இங்கே அரசு விடுமுறை இல்லை, ஆகவே அதில் அச்சடித்திருக்காது. லிட்டில் இந்தியாவின் எந்தக் கடைச் சுவரில் தொங்கும் தேதி கிழிக்கும் நாட்காட்டியைப் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்கும். அவர் பார்க்கவில்லை என்று நினைக்காதீர்கள். நானே போய்ச் சொன்னேன். "அண்ணே, அந்த வாரம் கரும்பு வரும். பானை வரும், மஞ்சக் கொத்து வரும். வருஷத்துலயே அதிகமா லாரி வர்ற வாரம்." அவருக்கு அது தெரியாதா? அவர்கள் தேவாலய வளாகத்திலேயே பொங்கல் வைப்பார்கள், பானை பொங்கும்போது அவர்தான் பெரிய குரலில் கத்துவார். என்னை முறைத்தார். "பொங்கலுக்காகத் தேதிய மாத்துங்கன்னு நான் போய் அவங்கள்ட்ட சொல்லணுமா? எப்படிப் பார்ப்பாங்க என்னைய?" என்றார். அவர் தேதியை மாற்றவில்லை.

பொங்கலுக்கு முந்தின நாள் காலை. நான் சாலையின் எதிர்ப்பக்கத்தில் பேருந்துகள் போவதைக் குறித்துக்கொண்டிருந்தேன். பாக்கியம் அக்கா கடைக்கு முன்னால், புதிதாகப் போட்ட கோட்டுக்குள்ளேயே, கரும்பு லாரி நின்றது. பாதிக் கட்டுகள் நடைவழித் தூண்மேல் சாய்ந்திருந்தன, பாதி லாரியில் இருந்தன. பின்னால் ஒரு பேருந்து, அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் கண்ணுக்கு எட்டியவரை பேருந்துகள். ஒலிப்பான் சத்தம் காதைக் கிழித்தது. பளபளக்கும் மேலங்கி போட்டுக்கொண்டு அண்ணன் ஓடி வந்தார்.

"எட்ரா வண்டிய!"

லாரி ஓட்டுநர் சிவா. ஈசூன் வட்டாரத்துக்காரன், முப்பது வயதுக்குள் இருக்கும். மேலே நின்று கட்டைத் தூக்கிக்கொண்டிருந்தான். "பாதி எறக்கிட்டேண்ணே, இப்ப எப்படி எடுக்கிறது? ஃபைன் வேணும்னா போட்டுக்கங்க லா!"

"ஃபைனா? பின்னாடி பாருடா, எத்தனை பேரு நிக்கிறான்!"

"பின்னாடி எடம் குடுத்தா நான் ஏண்ணே இங்க நிக்கிறேன்?"

அதன் பிறகு இருவரும் லாரிக்கும் நடைவழிக்கும் நடுவில் போய்விட்டார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பின்னால் நின்ற பேருந்தின் கேமராவுக்கு லாரியின் முதுகுதான் தெரிந்தது. கடையின் கேமராவைக் கரும்புக்கட்டு மறைத்திருந்தது. கொஞ்ச நேரம் சத்தம் மட்டும். பிறகு ஒரு முழுக் கரும்பு மேலே எழுந்ததை நான் பார்த்தேன். அது இறங்கியது. மரக்கிளை முறிகிற மாதிரி ஒரு சத்தம். மறுபடி எழுந்தது, மறுபடி இறங்கியது. நான் கார்களுக்கு நடுவில் புகுந்து ஓடினேன். போய்ச் சேர்வதற்குள் நாலைந்து பேர் சிவாவைத் தரையில் அழுத்தி, முகத்தைத் தாரில் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் விலாவில் உதைத்தார். கரும்பு முறிந்து நார் நாராகக் கிடந்தது, அதில் ரத்தம். அண்ணன் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இடது கண்ணைப் பொத்திய கையின் விரல் இடுக்குகளிலிருந்து ரத்தம் முழங்கைவரை ஓடியது. வலது கண்ணால் சாலையைப் பார்த்து, "மொதல்ல பஸ்ஸ விடச் சொல்லு கலா," என்றார்.

இடது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. ஒரு கண்ணைப் பறித்த அடிக்கு இந்த ஊர்ச் சட்டத்தில் என்ன காத்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும்: நீண்ட சிறை, கூடவே ரோத்தான் என்னும் பிரம்படி. சிவா முதல் நாளிலிருந்தே, "அவர்தான் மொதல்ல அடிச்சார்," என்று சொல்லிக்கொண்டிருந்தான். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவன் உதடு கிழிந்திருந்தது. மடக்கிப் பிடித்தவர்கள் கிழித்தது என்று எடுத்துக்கொண்டார்கள்.

எங்கள் தலைவர் மருத்துவமனைக்கு வந்தார். பூங்கொத்தோடு நல்ல செய்தியும் கொண்டுவந்தார். நடந்ததைக் கேட்டுப் பணம் தருகிறவர்கள் ஆடிப்போயிருந்தார்கள். ஒரு திட்டமிடுபவர் சாலையில் ரத்தம் சிந்தியிருக்கிறார், இனி இந்த வேலையை அரைகுறையாக விடக் கூடாது என்று பேசிக்கொண்டார்களாம். தடம் நிரந்தரமாகும், பின்சந்தில் சரக்கு இறக்கும் இடங்களுக்கும் சேர்த்தே பணம் வரும் என்றார். "நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் தானாக நடக்கும்," என்று சொல்லி அண்ணனின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். இத்தனை வருடம் அவர் கத்திக் கேட்டும் கிடைக்காதது, சும்மா படுத்திருந்தால் கிடைத்துவிடும்.

தலைவர் போனதும் அண்ணன் ரெஜினா அக்காவிடம், "நான்தான் மொதல்ல கை வச்சேன்," என்றார். நான் கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்திருந்தேன். "முடியப் புடிச்சு லாரிலேருந்து கீழ இழுத்து, ரெண்டு அறை விட்டேன். அதுக்கப்புறந்தான் அவன் கரும்ப எடுத்தான்."

ரெஜினா அக்கா கதவைச் சாத்தினார். "வாய மூடிக்கிட்டு இருங்க. பொய் சொல்லுங்கன்னு நான் சொல்லல. சும்மா இருங்கன்னுதான் சொல்றேன். கண்ணு போனது ஒங்களுக்கு."

"அவனுக்கு ரோத்தான் விழும் ரெஜி."

"விழட்டும்!" அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. வெளியே போன தாதி எட்டிப் பார்த்தார். "தோல் பிய்யட்டும். நான் ராத்திரியும் பகலும் அதத்தான் வேண்டிக்கிறேன்."

"விழட்டும்தான். எனக்கும் ஆசதான். எந்திரிக்க முடிஞ்சா நானே போய் அவன் கைய ஒடைப்பேன்," என்றார் அண்ணன். "ஆனா நான் குடுத்த ரெண்டு அறைக்கும் சேர்த்து அவன் முதுகுல வாங்கக் கூடாது. அவன் கேட்டான்ல, பின்னாடி எடம் குடுத்தியான்னு. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. பதில் இல்லாமத்தான் அடிச்சேன்."

"அந்த பஸ் லேன் போயிடும்."

அண்ணனின் கண்ணில் போட்டிருந்த கட்டுக்குள்ளிருந்து நீர் வழிந்து காதுக்குப் போனது. "போவும்," என்றார். மறுநாள் விசாரணை அதிகாரி வந்தபோது, முடியைப் பிடித்ததையும், இழுத்ததையும், அறைந்ததையும், அப்போது வாயிலிருந்து வந்த வசவையும் ஒன்றுவிடாமல் சொன்னார். ரெஜினா அக்கா அறையைவிட்டு வெளியே போய்விட்டார்.

பிறகு எல்லாம் அண்ணன் எதிர்பார்த்தபடியே நடந்தது. சிவாவின்மீது இருந்த குற்றச்சாட்டைக் குறைத்தார்கள். அவன் சிறைக்குப் போனான், ரோத்தான் விழவில்லை. அண்ணனுக்குப் போலீஸின் கடும் எச்சரிக்கை வந்தது, அலுவலகம் அவரைத் திட்டத்திலிருந்து எடுத்தது. பொதுமக்கள்மீது கை வைத்தவரின் பெயர் ஒட்டிய திட்டத்துக்குப் பணம் தர எவரும் தயாராக இல்லை. ஜூரோங் பக்கம் வேறொரு சாலைக்கு அந்தப் பணம் போயிற்று. கோட்டை அழித்தார்கள். அழிக்கிற இயந்திரம் வந்த அன்று அவர் போய் வேடிக்கை பார்த்தார். நான் கூடப் போகவில்லை, எனக்கு அந்தத் தைரியம் கிடையாது.

அதற்குப் பிறகு அவர் சாந்தமாகிவிட்டார் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆகவில்லை. பின்னறையில் மற்றவர்களின் வரைபடங்களைச் சரிபார்க்கும் வேலை கொடுத்தார்கள். இடப்பக்கம் வருகிறவர்கள் தெரியாமல் மோதிக்கொள்வார், மோதிக்கொண்டு அவர்களையே திட்டுவார். சிராங்கூன் சாலையில் அவரைக் கண்டால், "கரும்படி வாங்குனவரு வர்றாரு லா," என்று சிரித்தார்கள். அவர் திரும்பி நின்று அதைவிடக் கெட்ட வார்த்தையால் பதில் சொல்வார். ஒருமுறை தேவாலய விருந்தில் ஒருவர் எழுந்து, எதிரியை மன்னித்த பெருந்தன்மையாளர் என்று அவரைப் புகழ ஆரம்பித்தார். அண்ணன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "மன்னிச்சேன்னு எவன்யா சொன்னான்? நடந்ததச் சொன்னேன். மன்னிக்கிறது வேற டிபார்ட்மெண்டு," என்றார். பங்குத் தந்தைதான் முதலில் சிரித்தார். சிவாவை அவர் மறுபடி சந்திக்கவே இல்லை. சந்திக்க அவருக்கு விருப்பமும் இல்லை.

அவன் வந்தது இறுதிச் சடங்குக்குத்தான். பாசிர் ரிஸ் புளோக்கின் கீழ்த்தளத்தில் பெட்டியைச் சுற்றி நீங்கள் எல்லாரும் இருந்தீர்கள், ஆகவே நடந்ததைப் பார்த்தீர்கள். ஆனால் என்ன பேசினார்கள் என்பது பக்கத்தில் இருந்த எனக்குத்தான் கேட்டது. வெள்ளைச் சட்டை போட்டு, கையில் ஒரு மாலையோடு சிவா வந்தான். ஜெபம் நடந்துகொண்டிருந்தது. பெட்டிக்குப் போகும் வழியில் ரெஜினா அக்கா எழுந்து அவனுக்கு முன்னால் நின்றார். ஓங்கி ஓர் அறை. மாலை தரையில் விழுந்தது. இன்னோர் அறை. ஜெபம் நின்றுவிட்டது. சிவா கையைத் தூக்கவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை.

"அக்கா," என்றான். "அவரு உண்மையச் சொல்லலேன்னா நான் இன்னைக்கு மனுஷனா இருந்திருக்க மாட்டேன்க்கா."

"தெரியும்," என்றார் ரெஜினா அக்கா. அவருக்கு மூச்சு வாங்கியது. "அவர் சொல்ல வேண்டியத அப்பவே சொல்லிட்டாரு. நான் இன்னிக்குத்தான் சொல்லிருக்கேன். அந்தக் கண்ணுக்கு நாந்தான் தெனமும் மருந்து ஊத்துனேன்." குனிந்து மாலையை எடுத்து, தூசியைத் தட்டி, அவன் கையிலேயே கொடுத்தார். "போ. போட்டுட்டு வா. சாப்பிடாமப் போகாத." அவன் போட்டுவிட்டு வந்தான். கடைசி மேசையில் உட்கார்ந்து, கன்னம் வீங்கியிருக்க, தட்டில் வைத்ததை எல்லாம் சாப்பிட்டு முடித்தான்.

அவருடைய உண்மையைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறீர்கள். அதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொண்டது அந்தக் கோபத்தை. அதுவும் முழுக் கோபத்தை இல்லை. மேசை உடையும் என்று நான் பேனாவை எடுத்து வைத்த அன்று அவர் விழுங்கினாரே, அந்த ஒரு கோபத்தை மட்டும். சிராங்கூன் சாலைத் தடம் இப்போது மறுபடி மேசைக்கு வந்திருக்கிறது. சென்ற வாரக் கூட்டத்தில் அதே பேச்சு: கோடு முதலில், சரக்கு இறக்கும் இடம் இரண்டாம் கட்டத்தில். நான் கணக்குப் போடுகிறவள், கூட்டங்களில் வாய் திறப்பதில்லை. எழுந்து, என் பங்குக் காகிதங்களை எல்லாம் எடுத்துக்கொண்டேன். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால்தான் இந்தத் திட்டத்துக்கு என் கணக்கு வரும், இல்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்று கத்தினேன். ஒருவர், "உங்கள் மக்களுக்காகக் கேட்கிறீர்களா?" என்றார்.

"ஆமாம்," என்றேன். "என் மக்களுக்காகத்தான் கேட்கிறேன்."

அந்த ஒரு வார்த்தையைத்தான் அண்ணன் கடைசிவரை சொல்லவில்லை. அதைச் சொன்ன பிறகு உலகம் இடிந்து விழவில்லை. யோசிக்கிறோம் என்றார்கள். அண்ணே, கோடு இன்னும் விழவில்லை. விழுந்தால், லாரி நிற்க இடத்தோடுதான் விழும்.